ஒரு நிமிடத்தில் பாட்டு தயார். ஒலிப்பதிவு கற்பது இனி எதற்கு?

பிரான்சைச் சேர்ந்த டீசர் இசை ஒலிவழித் தளம் 2025 ஜனவரியில் ஒரு கணக்கை வெளியிட்டது. தன் தளத்துக்கு நாள்தோறும் வரும் புதிய பாடல்களில் ஏறத்தாழ 10,000 பாடல்கள் முழுக்க முழுக்கச் செயற்கை நுண்ணறிவால் உருவானவை என்றது அந்நிறுவனம். ஏப்ரலில் அந்த எண்ணிக்கை 20,000ஐத் தாண்டியது. நவம்பரில் 50,000 ஆனது. அதாவது, அப்போது புதிதாக வந்து சேர்ந்த மூன்று பாடல்களில் ஒன்றை எந்த மனிதரும் பாடவில்லை, இசைக்கவில்லை, பதிவு செய்யவில்லை.

அதே நிறுவனம் எட்டு நாடுகளில் 9,000 பேரிடம் நடத்திய ஆய்வில், மனிதர் உருவாக்கிய பாடலையும் இயந்திரம் உருவாக்கிய பாடலையும் 97 விழுக்காட்டினரால் பிரித்தறிய முடியவில்லை.

இந்தச் செய்திகள் வெளிவரும் காலத்தில்தான் நம்மில் சிலர் ஒலிப்பதிவும் இசைத் தயாரிப்பும் படிக்க விரும்புகிறோம். சாதாரண நிலைத் தேர்வை முடித்த மாணவர் பலதுறைத் தொழிற்கல்லூரிப் பாடத்தைத் தேர்ந்தெடுக்கும் நேரத்தில், வீட்டில் ஒரு கேள்வி எழுவது இயல்பு: “இதையெல்லாம்தான் கணினியே செய்கிறதே, மூன்று ஆண்டு படித்து என்ன செய்யப் போகிறாய்?”

பெற்றோரின் கேள்வியில் நியாயம் இருக்கிறது. “எனக்கு ஆர்வம் இருக்கிறது” என்பது மட்டும் அதற்குப் பதிலாகாது. ஒலிப்பதிவில் எந்த வேலை இயந்திரத்திடம் போய்விட்டது, எது மனிதரிடம் நிற்கிறது, சட்டம் யார் பக்கம் இருக்கிறது ஆகிய மூன்றையும் பார்த்த பிறகே முடிவெடுக்க முடியும்.

எண்களுக்குப் பின்னால்

டீசர் சொன்ன இன்னொரு தகவல் பலர் கண்ணில் படவில்லை. வந்து குவியும் இயந்திரப் பாடல்களை மக்கள் கேட்பது மிகக் குறைவு. 2025ன் நடுப்பகுதியில் அத்தளத்தில் கேட்கப்பட்ட மொத்தப் பாடல்களில் அவற்றின் பங்கு ஏறத்தாழ அரை விழுக்காடுதான். அதிலும் 70 விழுக்காடு வரை உண்மையான ரசிகர்கள் கேட்டதன்று. உரிமைத்தொகை பெறுவதற்காகக் கணினி நிரல்களை வைத்து ஓடவிட்ட மோசடி.

ஆக, இயந்திரம் பாடல்களைப் பெருக்கியிருக்கிறது, கேட்பவர்களைப் பெருக்கவில்லை. ஆனால், குவியல் பெரிதாகும்போது புதிய கலைஞர் கண்ணில் படுவது கடினமாகிறது. ஸ்பாட்டிஃபை தளத்தில் 2024 முதல் ஒரு பாடல் 12 மாதங்களில் 1,000 முறையாவது கேட்கப்பட்டால்தான் அதற்குப் பதிவு உரிமைத்தொகை கிடைக்கும். வீட்டிலிருந்து பாடலை வெளியிடும் மாணவருக்கு அந்த முதல் ஆயிரமே பெரிய மலை.

பெரிய நிறுவனங்களும் தங்கள் நிலையை மாற்றிக்கொண்டன. யுனிவர்சல், சோனி, வார்னர் மூன்றும் 2024 ஜூனில் சூனோ, யூடியோ எனும் இரு இசை உருவாக்க நிறுவனங்கள்மீது அமெரிக்காவில் வழக்குத் தொடுத்தன. தங்கள் பாடல்களை அனுமதியின்றி எடுத்து இயந்திரத்தைப் பயிற்றுவித்தார்கள் என்பது குற்றச்சாட்டு. 2025 அக்டோபரில் யுனிவர்சல் யூடியோவுடன் சமரசம் செய்துகொண்டது. நவம்பரில் வார்னர் இரு நிறுவனங்களுடனும் உடன்பாட்டுக்கு வந்தது. அந்த உடன்பாடுகளின் அடிப்படை, உரிமம் பெற்ற பாடல்களைக் கொண்டு புதிய சேவைகளை உருவாக்குவது.

இதிலிருந்து ஒன்று புரிகிறது. இந்தத் தொழில்நுட்பம் தடைசெய்யப்படப் போவதில்லை. அதற்குத் தீனியாகும் பதிவுகள் யாருக்குச் சொந்தம் என்பதுதான் இனிப் பேரம்.

பதிவுக்கு முந்திய வேலை

ஒலிப்பதிவு என்றதும் கண்ணாடிச் சுவரும் பல விசைகள் கொண்ட பெரிய மேசையும் நினைவுக்கு வரும். உண்மையில் ஒரு பதிவின் தரத்தில் பெரும்பகுதி அந்த அறைக்குள் நுழைவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். நான்கு மாணவர்கள் நான்கு நிமிடத் தமிழ்ப் பாடல் ஒன்றைப் பதிவு செய்ய விரும்புகிறார்கள். குரல், வயலின், மிருதங்கம், கீபோர்டு. ஒலிப்பதிவுக்கூடம் நான்கு மணி நேரத்துக்கு வாடகைக்குக் கிடைத்திருக்கிறது.

முதலில் சுருதி. பாடகி ஐந்து கட்டையில் வசதியாகப் பாடுபவர் என்றால் மிருதங்கத்தின் வலந்தலையும் அந்தச் சுருதிக்குச் சேர வேண்டும். ஒரு கட்டைக்குச் செய்த மிருதங்கத்தை ஐந்து கட்டைக்கு ஏற்ற முடியாது. வேறு மிருதங்கம் வேண்டும். பதிவு நாளன்று பாடகி “அரைக் கட்டை இறக்கலாமே” என்றால் கீபோர்டில் அது ஒரு பொத்தான். மிருதங்கத்தில் அது பல நிமிட வேலை. குளிரூட்டிய அறையின் வறண்ட காற்றில் தோல் இறுகிச் சுருதி நகரும் என்பதால், வாத்தியம் முன்கூட்டியே அறைக்குள் வந்து பழக வேண்டும்.

அடுத்தது காலப்பிரமாணம். நிமிடத்துக்கு 90 தட்டு என்று முடிவு செய்தால் நான்கு நிமிடத்தில் 360 தட்டு வரும். ஆதி தாளத்தில் அது 45 ஆவர்த்தனம். பல்லவிக்கு எத்தனை, சரணத்துக்கு எத்தனை, வயலின் தனியாக வருவது எங்கே, மிருதங்கம் நிற்பது எங்கே என்பதைத் தாளில் எழுதிவிடலாம். அந்தத் தாள் கையில் இருந்தால் நால்வரும் ஒரே நாளில் வர வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை.

பிறகு வரிசை. கீபோர்டில் ஒரு வழிகாட்டிப் பதிவு, அதன்மேல் மிருதங்கம், பிறகு வயலின், கடைசியில் குரல் என்பது ஒரு முறை. எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து இசைப்பது இன்னொரு முறை. முதலாவதில் ஒவ்வொன்றையும் தனித்தனியே திருத்தலாம். இரண்டாவதில் ஒருவரையொருவர் பார்த்து இசைக்கும் உயிர்ப்பு கிடைக்கும். ஆனால் ஒருவர் தவறினால் எல்லாரும் மீண்டும் தொடங்க வேண்டும். பாடலைப் பார்த்துத்தான் இதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

தமிழ்த் திரையிசையிலேயே இந்த இரு வழிகளுக்கும் எடுத்துக்காட்டு உண்டு. ஒவ்வொரு வாத்தியத்துக்கும் உரிய பகுதியை முன்கூட்டியே இசைக்குறிப்பாக எழுதி இசைக்குழுவிடம் கொடுப்பதற்குப் பெயர்பெற்றவர் இளையராஜா. ஏ.ஆர். ரகுமான் 1989ல் தம் வீட்டு வளாகத்திலேயே ஒலிப்பதிவுக்கூடம் அமைத்து, ஒலிகளை அடுக்கடுக்காகச் சேர்த்துப் பார்க்கும் முறைக்கு வழிவகுத்துக்கொண்டார். 1992ல் ‘ரோஜா’ வந்தபோது அந்த வேறுபாடு எல்லாருக்கும் கேட்டது. ஒருவர் தாளில் திட்டமிட்டார், மற்றவர் கருவிகளோடு இருந்து திட்டமிட்டார். திட்டமே இல்லாமல் இருவரும் பணியாற்றவில்லை.

இயந்திரம் எடுத்துக்கொண்டது எது?

பதிவு முடிந்த பிறகு திருத்தம், மிக்சிங் எனப்படும் ஒலிக்கலவை, மாஸ்டரிங் எனப்படும் இறுதிச் சீரமைப்பு என வேலைகள் தொடரும். இவற்றில் பலவற்றைச் செயற்கை நுண்ணறிவு இன்று நன்றாகவே செய்கிறது. பின்னணி இரைச்சலை நீக்குவது, ஒரே பதிவில் கலந்துவிட்ட குரலையும் வாத்தியத்தையும் பிரிப்பது, ஒலியளவைச் சமன்செய்வது ஆகியவை சில நிமிட வேலைகள் ஆகிவிட்டன.

இதனால் நன்மையும் உண்டு. பீட்டில்ஸ் குழுவின் ஜான் லெனன் 1970களின் பிற்பகுதியில் வீட்டில் ஒலிநாடாவில் பாடி வைத்த ஒரு பாடலில், பியானோ ஒலி குரலை மூடியிருந்தது. பல்லாண்டுகளுக்குப் பிறகு கணினி அந்தக் குரலைப் பிரித்தெடுக்க, 2023 நவம்பரில் ‘நௌ அண்ட் தென்’ என்ற பாடலாக அது வெளிவந்தது. 2025ல் கிராமி விருதும் பெற்றது. அங்கே இயந்திரம் புதிதாக எதையும் பாடவில்லை. இருந்த குரலை மீட்டுக் கொடுத்தது.

ஆனால், கருவி தானாக எடுக்கும் முடிவு எல்லா இசைக்கும் பொருந்தாது. சுருதி திருத்தும் மென்பொருள் 1997ல் சந்தைக்கு வந்தது. பாடகர் தொடும் ஒலியை, கீபோர்டின் 12 சுரங்களில் அருகிலுள்ளதற்கு இழுத்து நிறுத்துவது அதன் அடிப்படை வேலை. தோடி ராகத்தின் காந்தாரமோ ஓரிடத்தில் நிற்பதே இல்லை; அசைவுதான் அதன் அழகு. அந்தக் கமகத்தை மென்பொருள் பிழையென்று எடுத்துக்கொண்டு தட்டையாக்கிவிடும். எந்த அசைவு கமகம், எந்த அசைவு தடுமாற்றம் என்று பிரித்துச் சொல்ல அந்த இசையைக் கேட்டு வளர்ந்த காது வேண்டும். சங்கீதம் கற்ற தமிழ் மாணவருக்கு இது உண்மையான தொழில்முறைச் சாதகம்.

இயற்பியலும் அப்படித்தான். மிருதங்கத்தின் இரு பக்கங்களுக்கும் இரண்டு ஒலிவாங்கிகள் வைக்கிறோம். ஒரே அடியின் ஒலி ஒன்றை அடைந்த பிறகு இன்னும் 34 சென்டிமீட்டர் பயணம் செய்து மற்றதை அடைந்தால், இடைவெளி ஆயிரத்தில் ஒரு விநாடி. இரண்டு பதிவுகளையும் சம அளவில் கலக்கும்போது 500 ஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றை ஒன்று அழித்துக்கொள்ளும். நேரில் கணீரென்று ஒலித்த வாத்தியம் பதிவில் சோர்ந்து கேட்கும். பிறகு எத்தனை மென்பொருளைப் போட்டாலும் ஓரளவுதான் சரியாகும். ஒலிவாங்கியைச் சற்று நகர்த்தி வைத்திருந்தால் சிக்கலே வந்திருக்காது.

இவற்றையெல்லாம்விடப் பெரிது, பதற்றத்தோடு நிற்கும் பாடகியிடமிருந்து நல்ல பாட்டை வரவழைப்பது. ஆறாவது முறை பாடியது சுருதி சுத்தம், மூன்றாவது முறை பாடியதில்தான் உணர்வு இருந்தது என்று சொல்லி மூன்றாவதைத் தேர்ந்தெடுக்கும் துணிவு தயாரிப்பாளருக்கு வேண்டும்.

மறுக்க முடியாத ஒரு கவலை

இத்தனைக்கும் பிறகும் பெற்றோரின் கேள்வி முழுமையாகத் தீரவில்லை. இரைச்சல் நீக்கம், ஒலி சமன்செய்தல், மாதிரிப் பதிவு தயாரித்தல் போன்றவை புதிதாகத் துறைக்கு வருபவர்களின் முதல் வேலைகள். அவற்றைச் செய்துகொண்டேதான் பலரும் காதைப் பழக்கினார்கள், பெரியவர்கள் வேலை செய்வதைப் பக்கத்திலிருந்து பார்த்தார்கள். ஏணியின் மேல்படிகள் இருக்கின்றன, கீழ்ப்படிகள்தான் உடைகின்றன. குறைந்த செலவில் எடுக்கப்படும் விளம்பரத்துக்குப் பின்னணி இசை அமைப்பது போன்ற வாய்ப்புகளும் சுருங்கும்.

எனவே, மென்பொருளின் விசைகளை இயக்கக் கற்றுக்கொள்வதை மட்டும் நம்பி இத்துறைக்கு வருவது சரியான முடிவன்று. அந்தத் திறனின் மதிப்புத்தான் வேகமாகக் குறைகிறது. திட்டமிடல், கேட்கும் திறன், மனிதர்களைக் கையாள்வது, உரிமைகளைப் புரிந்துகொள்வது ஆகியவற்றையும் சேர்த்துக் கற்பவருக்கே இடம் இருக்கும். அந்தத் திறன்கள் இசைப் பாடலோடு நிற்பதில்லை. நாடகம், வலையொலி, கணினி விளையாட்டு, மேடை நிகழ்ச்சி என ஒலி தேவைப்படும் எல்லா இடங்களுக்கும் அவை பொருந்தும்.

சட்டம் என்ன சொல்கிறது?

சிங்கப்பூரின் புதிய பதிப்புரிமைச் சட்டம் 2021 நவம்பர் 21ஆம் தேதி நடப்புக்கு வந்தது. ஒலிப்பதிவு கற்கும் மாணவர் அறிந்திருக்க வேண்டிய மாற்றங்கள் அதில் உள்ளன.

முன்பு ஒருவர் பணம் கொடுத்து ஒலிப்பதிவு செய்யச் சொன்னால் அதன் உரிமை இயல்பாகவே பணம் கொடுத்தவருக்குப் போனது. இப்போது வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் பதிவை உருவாக்கியவருக்கே முதல் உரிமை. ஆனால், ஊழியராகச் செய்த வேலை முதலாளிக்குச் சேரும். படைப்பாளர்களும் நிகழ்த்துநர்களும் தங்கள் பெயர் குறிப்பிடப்பட வேண்டும் என்று கோரும் உரிமையும் உண்டு. வணிக நோக்கில் வெளியான பதிவு பொது இடத்திலோ ஒலிபரப்பிலோ பயன்படுத்தப்பட்டால், பதிவின் உரிமையாளர் கட்டணம் பெறவும் வழி செய்யப்பட்டுள்ளது.

அதே சட்டத்தின் 244ஆம் பிரிவு மற்றொரு பக்கத்தைக் காட்டுகிறது. முறையாக அணுகப்பெற்ற படைப்புகளைக் கணினிவழித் தரவுப் பகுப்பாய்வுக்காக நகலெடுக்க அது இடம் தருகிறது. செயற்கை நுண்ணறிவைப் பயிற்றுவிப்பதும் இதில் அடங்கும். “என் பாடலைப் பயிற்சிக்குப் பயன்படுத்தாதே” என்று ஒப்பந்தத்தில் எழுதினாலும் இந்த விலக்கைத் தடுக்க முடியாது. புத்தாக்கத்தை ஈர்க்க இது உதவும் என்பது ஒரு வாதம். படைப்பாளருக்குப் பேரம் பேசும் வலு குறைகிறது என்பது எதிர்வாதம். அமெரிக்காவில் வழக்குகளின் மூலம் பேசப்பட்ட உரிமம், இங்கே ஓரளவு சட்டத்தாலேயே முடிவாகிவிட்டது. இத்துறைக்கு வர விரும்பும் இளையர்கள் இதைப் பற்றித் தங்கள் கருத்தைச் சொல்ல வேண்டும்.

இயந்திரப் பாடலுக்கும் ஒரு பலவீனம் உண்டு. வரிக்கும் மெட்டுக்கும் பதிப்புரிமை கிடைக்க மனிதப் படைப்பாளர் வேண்டும் என்பது சிங்கப்பூரில் ஏற்கப்பட்ட நிலை. 2011ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதை வேறொரு வழக்கில் தெளிவாக்கியது. கட்டளை மட்டும் கொடுத்துப் பெற்ற பாடலை “என்னுடையது” என்று நிலைநாட்டுவது கடினம்.

உரிமை இருந்தாலும் சான்று வேண்டும். 1986ல் ஹியூ ஹேரிசன் இயற்றிய ‘கவுண்ட் ஆன் மீ சிங்கப்பூர்’ பாடலை 2021 மார்ச்சில் இந்தியாவைச் சேர்ந்த ஒருவர் தம் பாடல் என்றார். 1983லேயே தாம் எழுதியதாகவும், மூல ஒலிநாடாக்கள் 2005 மும்பை வெள்ளத்தில் போய்விட்டதாகவும் சொன்னார். சான்று எதுவும் இல்லாததால் பின்னர் கோரிக்கையைக் கைவிட்டார். சான்று இல்லாத அந்தக் கோரிக்கை அன்று நிலைக்கவில்லை. இன்று சிறிய பாடலைப் பதிவு செய்பவரும் தேதியிட்ட மூலக் கோப்புகள், வரைவுகள், யார் என்ன இசைத்தார் என்ற பட்டியல், ஒவ்வொரு பதிவுக்கும் உரிய, எழுத்தும் எண்ணும் கலந்த 12 குறிகள் கொண்ட ஐஎஸ்ஆர்சி குறியீடு ஆகியவற்றைப் பாதுகாக்க வேண்டும். “இது உண்மையில் நீ செய்ததா?” என்று கேட்கும் காலத்தில் அந்தக் கோப்புகளே பதில்.

குரல் யாருக்குச் சொந்தம்?

2024ல் வெளியான ‘லால் சலாம்’ படத்தில், மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரல்களைச் செயற்கை நுண்ணறிவு மூலம் ரகுமான் பயன்படுத்தினார். குடும்பத்தாரின் அனுமதி பெற்று ஊதியமும் கொடுத்ததாக அவர் தெரிவித்தார். அதே ஆண்டு, எஸ்.பி. பாலசுப்பிரமணியத்தின் குரலை அனுமதியின்றி உருவாக்கியதாக ஒரு தெலுங்குப் படக் குழுவினருக்கு அவர் மகன் வழக்கறிஞர் கடிதம் அனுப்பினார். ஒரே தொழில்நுட்பம்தான், கேட்டுச் செய்ததும் கேட்காமல் செய்ததும்தான் வேறுபாடு.

பதிப்புரிமை, பதிவான நிகழ்த்துதலைக் காக்கும். குரலின் சாயலைக் காக்காது. ஆகவே, நண்பர் ஒருவரைப் பாட அழைக்கும் மாணவத் தயாரிப்பாளர்கூட, அந்தப் பதிவைக் குரல் நகலெடுக்கப் பயன்படுத்தலாமா, கூடாதா என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுவது நல்லது.

முடிவெடுக்குமுன்

சிங்கப்பூரில் இத்துறைக்குப் பல வழிகள் உள்ளன. லாசால் கலைக் கல்லூரியும் நன்யாங் நுண்கலைக் கழகமும் இணைந்த சிங்கப்பூர்க் கலைப் பல்கலைக்கழகம் 2024ல் தொடங்கியது. தேசியப் பல்கலைக்கழகத்தின் யோங் சியூ தோ இசைக் கல்லூரியில் ஒலிக் கலையும் அறிவியலும் பட்டப்படிப்பாக உள்ளன. பொது வரவேற்பு நாளில் செல்லும்போது சாதனங்களின் விலையைக் கேட்டு மலைப்பதைவிட மூன்று கேள்விகள் கேளுங்கள். முதல் ஆண்டில் ஒரு மாணவர் எத்தனை மணி நேரம் கூடத்தில் உண்மையான கலைஞர்களோடு பதிவு செய்கிறார்? ஒப்பந்தமும் பதிப்புரிமையும் பாடத்தில் உண்டா? வேலையிடப் பயிற்சியில் மாணவர்கள் செய்யும் வேலை என்ன?

அதற்கும் முன், உங்களையே சோதித்துப் பார்க்கச் செலவு அதிகமில்லை. பேண்ட்லேப் எனும் இலவசச் செயலி சிங்கப்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட நிறுவனத்தினுடையது. 2024ல் அதன் பயனாளர் எண்ணிக்கை 100 மில்லியனைத் தொட்டது. பள்ளி விடுமுறையில் நண்பர்கள் இருவரைச் சேர்த்து ஒரு சொந்தப் பாடலைத் திட்டமிடுங்கள். சுருதி, தட்டு, வரிசை எல்லாவற்றையும் தாளில் எழுதுங்கள். கைப்பேசியிலேயே பதிவு செய்யுங்கள். அதே பாடலின் வரிகளை இயந்திரத்திடமும் கொடுத்து ஒரு பாட்டு வாங்குங்கள்.

இயந்திரத்தின் பாடல் மெருகாக இருக்கும், உங்களுடையது கரடுமுரடாக இருக்கும். பிறகு உங்கள் பதிவை மீண்டும் கேட்டு, எங்கே தவறியது, ஏன் தவறியது என்று பத்து இடங்களைக் குறியுங்கள். அந்தப் பத்தையும் சரிசெய்ய மறுநாளே மீண்டும் உட்காரத் தோன்றினால், வீட்டில் எழும் கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்கிறது. தோன்றவில்லை என்றால் அதுவும் நல்ல செய்திதான். மூன்று ஆண்டுகளுக்குப் பதிலாக ஒரு விடுமுறையில் தெரிந்துகொண்டீர்கள்.